மானுக்கு விதைக்கும் வயல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் என் மகள் வீட்டுக்கு அருகே ஒருவர், தம் காட்டுக்கு நடுவே அரை ஏக்கரைத் திருத்தி, மான் மேய்வதற்கென்றே கிளோவர் விதைத்திருக்கிறார், வேட்டைப் பருவத்தில் அதே இடத்தில் சுடவும் செய்கிறார். இது இரை வைத்துப் பிடிப்பதுதானே? இதைப் போய் ‘மான் பராமரிப்பு’ என்கிறார்களே?
– வாசகி, திருச்சி

பதில்: உங்கள் ஐயம் நியாயமானதே. ஆனால் வர்ஜீனியா சட்டம் இரண்டையும் பிரித்தே பார்க்கிறது: மக்காச்சோளத்தைக் கொட்டிவைத்து, அதைத் தின்ன வரும் மானைச் சுடுவது குற்றம், விதைத்து வளர்ந்து நிற்கும் பயிரில் மேயும் மானை, உரிமம் பெற்றவர் பருவத்தில் சுடுவது குற்றமன்று. டெக்சஸில் தனியார் நிலத்தில் மக்காச்சோளம் தூவவும் அனுமதி உண்டு. கொட்டிவைத்த தீனிக் குவியலை அஞ்சுவதற்கு நோயும் ஒரு காரணம். 1967-இல் கொலராடோவில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட, மூளையைச் சிதைக்கும் பிரியான் (உருக்குலைந்த புரதம்) நோய், எச்சில், சிறுநீர், புழுக்கை வழியாகப் பரவக்கூடியது. பல மான்கள் ஒரே குவியலில் வாய் வைப்பது அதற்கு வசதியாகிவிடும். பயிர் பரந்து கிடப்பதால் அந்த நெருக்கம் குறையுமே தவிர, அறவே நீங்கிவிடாது.

கிளோவர் நம் குதிரைமசாலுக்கு உறவான பயிர். காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் வேர்முடிச்சில் இருப்பதால் தழைச்சத்து உரம் வேண்டியதில்லை; ஆனால் மண்ணின் கார அமில நிலை 6-க்கும் 7-க்கும் இடையே இருக்க வேண்டும். அங்குள்ள காட்டு மண் பெரும்பாலும் அமிலம் மிகுந்த மண் என்பதால், மண் ஆய்வு செய்து, சில மாதங்கள் முன்னதாகவே சுண்ணாம்பு இடுவார்கள். விதை மிகப் பொடியானது. கால் அங்குலத்துக்குக் கீழே போனால் முளைப்பது கடினம். ஆகவே ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பரிலோ ஓட்ஸ் அல்லது கோதுமையோடு சேர்த்துத் தூவி, மண்ணை அழுத்திவிடுவார்கள். தானியப் பயிர் முந்தி எழுந்து, முதல் மேய்ச்சலைத் தாங்கிக்கொள்ளும்.

விவரம் தெரிந்தவர்கள் வயலுக்கு நடுவே கம்பிவலையை வளையமாக நட்டு, சிறு கூண்டு ஒன்று அமைப்பார்கள். உள்ளே பயிர் முழங்கால் உயரம் நிற்க, வெளியே தரையோடு தரையாக இருந்தால், மான் அதிகம் என்று பொருள். மேல்தாடையில் முன்பற்கள் இல்லாததால் மான் கடித்த தண்டு பிய்ந்த நாராகத் தெரியும். முயல் கடித்ததோ கத்தியால் சீவியதுபோல் இருக்கும்.

பராமரிப்பு என்ற சொல்லுக்குத் தகுதி இங்குதான் தீர்மானமாகிறது. நல்ல தீனி கிடைத்த பெண்மான் பெரும்பாலும் இரட்டைக் குட்டி ஈனும். எனவே வயலை மட்டும் பெருக்கி, கொம்புள்ள கிடாக்களை மட்டுமே சுடுபவர் மந்தையைப் பெருக்குகிறார். சில ஆண்டுகளில் பயிரும் போய், காட்டின் இளங்கன்றுகளும் மொட்டையாகிவிடும். அனுமதித்த அளவுக்குப் பெண்மான்களையும் குறைப்பவரே பராமரிக்கிறார். அதைச் செய்யாதவரின் வயலை, என்னைக் கேட்டால், நாகரிகமான இரை என்றே சொல்வேன். தவிர, பல நூறு ஏக்கரில் திரியும் விலங்குக்கு அரை ஏக்கர் கொறிக்கத்தான் காணும்; மரங்களைக் கலைத்து வெட்டி, தரையில் வெயில் விழச் செய்தால் தானாக முளைக்கும் செடிகொடிகளே அதன் முதன்மைத் தீனி.

இன்னொன்று. ஓக் மரங்கள் நன்றாகக் காய்க்கும் ஆண்டில் மான்கள் கொட்டைகளைத் தேடிக் காட்டுக்குள்ளேயே இருந்துவிடும். வயல் வெறிச்சோடுவதைப் பார்த்து, மான் எண்ணிக்கை சரிந்துவிட்டது என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது.