வீட்டுக் கேட், ஜன்னல் கம்பி வேலைக்கு எந்த வெல்டிங் முறை ஏற்றது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வீட்டுக் கேட்டுகளும் ஜன்னல் கம்பிகளும் செய்யும் பட்டறை தொடங்க எண்ணும் நீங்கள், எந்த வெல்டிங் முறை எதற்கு ஏற்றது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு முதலில் வேண்டியது ராடு வெல்டிங்தான். ராடுக்கும் இரும்புக்கும் இடையே மின்சாரம் பாய்ந்து எழும் சுடரான மின்வில்லின் வெப்பத்தில் ராடின் நுனியும் இரும்பும் சேர்ந்து உருகும்போது, ராடின் மேற்பூச்சு எரிந்து எழும் வாயுவும் அதன் கசடும் உருகிய உலோகத்தைக் காற்றிலிருந்து காப்பதால், கடற்காற்று வீசும் திறந்த வெளியிலும் இம்முறை கைகொடுக்கும். மெல்லிய சதுரக் குழாய்களுக்கு 2.5 மி.மீ. அளவுள்ள, 6013 என்ற குறியீட்டு எண் கொண்ட வகை ராடு போதும். கனமான சட்டங்களுக்கு 7018 வகை ராடு வலிமையானது. ஆனால் டர்பனின் ஈரக்காற்றில் அது ஈரம் உறிஞ்சினால், ஹைட்ரஜன் புகுந்து பற்றில், அதாவது பற்றவைத்த இணைப்பில், விரிசல் விழக்கூடும் என்பதால், சூடான பெட்டியில் உலர்வாக வைத்தே எடுக்க வேண்டும்.

ராடுக்குப் பதில், உருகிச் சேரும் மெல்லிய கம்பி தானே நகர்ந்து வரும் மிக் வெல்டிங் வேகமானது, கற்பதற்கும் எளிது. எனினும் அதன் காப்பு வாயுவைக் காற்று அடித்துச் சென்றால் பற்றில் துளைகள் விழும், ஆகவே அதைப் பட்டறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். எவர்சில்வர் கைப்பிடிகளுக்கு, டங்ஸ்டன் முனையும் ஆர்கான் வாயுவும் கொண்ட டிக் வெல்டிங் சிறந்தது. அலுமினியத்துக்கும் அதுவே, ஆனால் மாறுமின்னோட்டம் (ஏ.சி.) தரும் இயந்திரம் வேண்டும். அசிட்டிலீன் சுடர் இன்று பெரும்பாலும் உலோகத்தை வெட்டவே பயன்படுகிறது. புள்ளி வெல்டிங் கார்த் தகடுகளுக்கும், தெர்மிட் முறை தண்டவாளங்களுக்கும் உரியவை, உங்களுக்குத் தேவைப்படா.

துத்தநாகம் பூசிய குழாயானால், பற்றவைக்கும் இடத்தில் பூச்சை அரைத்து நீக்குங்கள். அதன் புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் தரும். பால் குடித்தால் போதும் என்ற பட்டறைப் பேச்சை நம்ப வேண்டாம்.