பழகிவிடும் என்று பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம், தம்பி

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், என் பழைய கதை நினைவுக்கு வந்ததால் வந்த சிரிப்பு அது. நீங்கள் இந்த நாட்டுக்கு வந்து மூன்று மாதம், வயது 46, தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸாக வரும் புரோகிரசிவ் கண்ணாடியை முதல்முறையாகப் போட்டு ஆறு நாள். படி இறங்கினால் தரை மிதக்கிறது, பக்கவாட்டில் எல்லாம் நெளிகிறது, கணினித் திரையைப் படிக்க அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலிக்கிறது. "இது என் கண்ணின் கோளாறா, கண்ணாடியின் கோளாறா, இல்லை புது ஆள் என்று தலையில் கட்டிவிட்டார்களா அக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கண்ணைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வந்திருப்பது வெள்ளெழுத்து. நாடு மாறியதாலோ, நாள் முழுதும் திரையைப் பார்ப்பதாலோ வந்ததல்ல. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் சிறு வயதில் நினைத்த மாத்திரத்தில் வளைந்து கொடுத்தது. வயது ஏற ஏற அது விறைத்துப்போகிறது. நாற்பதைத் தாண்டிய எவரையும் அது விடுவதில்லை. உங்கள் சீட்டில் 'ஆட்' என்ற இடத்தில் +1.50 என்று இருக்கிறதே, தூரப் பவருக்கு மேல் படிப்பதற்காகக் கூட்டும் அளவு அதுதான். இன்னும் சில ஆண்டுகளுக்கு அது கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். பயப்பட வேண்டாம், பெரும்பாலானவர்களுக்கு அறுபதை ஒட்டி +2.50 அளவில் நின்றுவிடும்.

அடுத்தது நெளிவு. பைஃபோகல் கண்ணாடியில் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டை ஒழித்து, மேலிருந்து கீழே பவர் சிறிது சிறிதாக ஏறும்படி செய்ததுதான் புரோகிரசிவ். பிரான்சின் பெர்னார் மேத்தெனா வடிவமைத்த வேரிலக்ஸ் 1959இல் விற்பனைக்கு வந்த பிறகே அது பரவலானது. ஆனால் கோட்டை ஒழித்ததற்கு ஒரு விலை உண்டு. நடுவில் பவர் ஏறும் ஒடுக்கமான பாதையின் இரு பக்கமும் மங்கலும் நெளிவும் சேர்ந்தே தீரும். 1963இல் மின்க்விட்ஸ் என்ற ஆய்வாளர் இதைக் கணிதமாகவே நிறுவிவிட்டார்: நடுப்பாதையில் பவர் எவ்வளவு வேகமாக ஏறுகிறதோ, பக்கவாட்டில் அதைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் மங்கல் கூடும். எவ்வளவு உயர்ந்த லென்ஸ் வாங்கினாலும் மங்கலை ஓரத்துக்குத் தள்ளலாம், பரப்பி மென்மையாக்கலாம். இல்லாமல் ஆக்க முடியாது. ஆகவே அந்த நெளிவை வைத்து யாரும் உங்களை ஏமாற்றிவிட்டதாக நினைக்காதீர்கள். மூளை அதற்குச் சில நாளில் பழகும், சிலருக்கு இரண்டு வாரம் ஆகும். அதுவரை பழைய கண்ணாடியையும் புதியதையும் மாற்றி மாற்றிப் போடாதீர்கள். பக்கத்தில் இருப்பதைப் பார்க்க விழியை மட்டும் உருட்டாமல் மூக்கையே அந்தப் பக்கம் திருப்புங்கள். படி இறங்கும்போது முகவாயைத் தாழ்த்தி, லென்ஸின் மேல்பகுதி வழியாகப் படியைப் பாருங்கள். கைப்பிடியை விடவேண்டாம், இந்த வகைக் கண்ணாடியோடு படியில் தடுக்கி விழுவது உண்மையாகவே நடக்கிறது.

கழுத்து வலிதான் என்னை யோசிக்க வைக்கிறது. அது பழகிப் போகிற விஷயம் அல்ல.

என் கதைக்கு வருகிறேன். முதல் புரோகிரசிவுக்கு அளவெடுத்த இளைஞர் நல்ல உயரம். நான் நாற்காலியில், அவர் நின்றபடி. "நேராகப் பாருங்கள்" என்றார். மரியாதையாக அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தேன். அவரும் அப்படியே என் கருவிழியின் நடுவுக்கு நேரே, பிரேமில் இருந்த லென்ஸில் பேனாவால் புள்ளி வைத்துவிட்டார். லென்ஸ் கண்ணுக்கு நேரே எங்கே பொருந்த வேண்டும் என்று காட்டும் குறி அது. புள்ளி மேலே போய்விட்டது. கண்ணாடி கைக்கு வந்ததும், நேரே பார்த்தால் தெருப் பலகை மங்கல்; முகவாயைத் தாழ்த்தினால் தெளிவு. இரண்டு மாதம் குனிந்த தலை நிமிராமல் நடந்தேன். பார்த்தவர்கள் என்ன அடக்கமான பெண் என்று நினைத்திருப்பார்கள். அந்நிய மொழியில் குறை சொல்லத் தயங்கி, "எப்படி இருக்கிறது?" என்று கேட்டபோதெல்லாம் "பரவாயில்லை" என்றேன். அவர்களும் அதை நம்பிவிட்டார்கள்.

புரோகிரசிவில் லென்ஸின் பெயரைவிட அந்தப் புள்ளிதான் பெரிது என்பது என் எண்ணம். ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக மூக்கின் நடுவிலிருந்து தூரம் அளக்க வேண்டும். இரண்டையும் கூட்டி நேர்பாதி போடக்கூடாது, யாருடைய முகமும் அவ்வளவு சமமாக இருப்பதில்லை. அளப்பவர் உங்கள் கண்மட்டத்துக்கு உட்கார வேண்டும். அதற்கு முன்பே பிரேமை உங்கள் மூக்குக்கும் காதுக்கும் சரிசெய்திருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் பிசகினாலே பாதை கண்ணைவிட்டு விலகிவிடும். பிரேம் ரொம்பவும் குட்டையாக இருந்தால் படிக்கும் பகுதி வெட்டுப்பட்டுப் போகும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். புத்தகம் படிக்கவும் அண்ணாந்தால்தான் முடிகிறதா? அப்போது கண்ணாடியை ஒரு சிட்டிகை மேலே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். சட்டென்று தெளிந்தால் அது தாழ உட்கார்ந்திருக்கிறது. மூக்குப் பட்டைகளைச் சற்று நெருக்கினாலே பல நேரம் தீர்ந்துவிடும், லென்ஸை மாற்றவே வேண்டியிராது. கீழே இறக்கினால்தான் தூரம் தெளிகிறது என்றால் என் கதை. இரண்டிலும் தீராவிட்டால் கடையில் குறிகளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒவ்வொரு லென்ஸிலும் 34 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு நுண்ணிய பொறிப்புகள் தெரியும், காதுப்பக்கப் பொறிப்பின் கீழே ஆட் அளவும் இருக்கும். அவற்றை வைத்துப் புள்ளி எங்கே விழ வேண்டும் என்று அவர்களால் திரும்பவும் வரைந்து பார்க்க முடியும்.

புத்தகம் சரி, திரை மட்டும்தான் தொல்லை என்றால் கண்ணாடியில் குற்றமில்லாமலும் இருக்கலாம். திரை கண்மட்டத்தில் இருக்கிறது, அதற்கான பவரோ லென்ஸில் கீழே இருக்கிறது. முதலில் திரையைத் தாழ்த்திப் பாருங்கள், காசில்லாத வைத்தியம். நாள் முழுதும் திரைதான் வேலை என்றால், கைநீளத் தூரத்துக்கும் படிக்கும் தூரத்துக்கும் மட்டும் செய்த அலுவலகக் கண்ணாடி தனியாக உண்டு. நான் வேலையில் அதைத்தான் போடுகிறேன். அதோடு கார் மட்டும் ஓட்டாதீர்கள். இன்னொன்று, உங்கள் தூரப் பவர் மைனஸ் 2.50 என்று எழுதியிருக்கிறீர்கள். கிட்டே இருப்பது உங்களுக்குக் கண்ணாடி இல்லாமலே தெரியும், படுக்கையில் புத்தகம் படிக்கக் கண்ணாடியைக் கழற்றிவிட்டாலே போதும்!

கடைக்குப் போகும்போது "தலை சுற்றுகிறது" என்று மட்டும் சொன்னால் "பழகிவிடும்" என்றுதான் பதில் வரும். எந்தத் தூரத்தில், தலையை எந்தப் பக்கம் அசைத்தால் தெளிகிறது என்று காட்டுங்கள். மொழி தடுமாறினாலும் தலையசைவு எல்லாருக்கும் புரியும். குறிப்பிட்ட நாளுக்குள் போனால் லென்ஸை இலவசமாக மாற்றித் தரும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு, ரசீதில் அந்தக் கெடு எழுதியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். சீட்டையும் பழைய கண்ணாடியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள், அதன் பவரையும் கருவியில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.