பூட்டிக் கிடக்கும் டே கேருக்கு எதற்குக் கட்டணம்?

கேள்வி: பெங்களூரு ஹொரமாவு பக்கம், வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் ஏழு வருடமாக டே கேர் நடத்துகிறேன். 24 குழந்தைகள், தலைக்கு மாதம் 9,000 ரூபாய். மழைத் தண்ணீரும் சாக்கடையும் இடுப்பளவு உள்ளே புகுந்து ஆறு வாரம் ஆகிறது. சுவர் இன்னும் காயவில்லை. வயரிங் முழுக்க மாற்ற வேண்டும். திறக்க இன்னும் ஒரு மாதமாவது ஆகும். முதல் மாதக் கட்டணத்தை எல்லோரும் முன்பே கட்டியிருந்தார்கள். இந்த மாதம் கேட்டபோது வாட்ஸாப் குழுவில் ஒரு அப்பா, "குழந்தையைப் பார்த்துக்கொள்ளாமலே எதற்குப் பணம்?" என்று எழுதிவிட்டார். ஏழு பேர்தான் கட்டினார்கள். இரண்டு மிஸ், மூன்று ஆயா, ஒரு சமையல் அம்மா என்னிடம் வேலை செய்கிறார்கள். போன மாதம் முழுச் சம்பளம் கொடுத்தேன், இந்த மாதம் பாதிதான் முடிந்தது. ஒரு ஆயா அபார்ட்மென்டில் வீட்டு வேலைக்குப் போய்விட்டார். நான் முழுக் கட்டணம் கேட்டது தவறா? பூட்டியிருக்கும்போதும் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டுமா? ஓனர் வேறு முழு வாடகை கேட்கிறார்.
— ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: அந்த அப்பாவின் மேல் உங்களுக்கு வந்த கோபம் புரிகிறது. ஆனால் அவர் கேட்டதில் தப்பில்லை. டே கேர் இல்லாததால் அவர் வீட்டில் ஒருவர் லீவு போட்டுக்கொண்டிருப்பார், அல்லது ஊரிலிருந்து பாட்டியை வரவழைத்திருப்பார். மடியில் குழந்தையும் லேப்டாப்பில் மீட்டிங்குமாக இருப்பவரிடம் போய் "இந்த மாதக் கட்டணம் 9,000" என்று மட்டும் சொன்னால் வேறு என்ன பதில் வரும்?

என் மகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, பேரன் போய்க்கொண்டிருந்த டே கேர் மூடியது. "சீட்டைத் தக்கவைக்க" என்று முழுக் கட்டணம் கேட்டார்கள். மகள் முணுமுணுக்காமல் இரண்டு மாதம் கட்டினாள். ஒருநாள் அந்த டே கேர் ஆயாவைத் தெருமுனைக் காய்கறி வண்டியில் பார்த்தாள். மூடிய மாதத்திலிருந்து ஒரு ரூபாய் சம்பளம் இல்லை என்றாராம் அந்த அம்மாள். அன்றோடு மகள் பணம் கட்டுவதை நிறுத்தினாள். பணம் ஆயாவுக்குப் போகிறது என்று அவள் தானாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். யாரும் அப்படிச் சொன்னதில்லை.

நீங்கள் கேட்ட தொகை இருக்கட்டும். அது எங்கே போகிறது என்று சொல்லாமல் கேட்டீர்கள் பாருங்கள், அதுதான் பிசகு. கடிதத்தோடு கணக்கும் அனுப்பியிருக்கிறீர்கள், நல்லது. மாத வரவு 2,16,000. சம்பளம் ஒரு லட்சம்: மிஸ் இருவருக்கு 20,000 வீதம், மற்ற நால்வருக்கு 15,000 வீதம். வாடகை 55,000. சாப்பாடு, பால் 28,000. கரண்ட், கேஸ், தண்ணீர் 8,000. மிச்சம் 25,000 உங்களுக்கு. இதில் பூட்டியிருக்கும்போது நின்றுபோனவை எவை? சாப்பாட்டுச் செலவு இல்லை. கரண்ட் பில் சொற்பம். உங்கள் லாபத்தை இந்த இரண்டு மாதத்துக்கு மறந்துவிடுங்கள். செய்யாத செலவுக்குப் பெற்றோரிடம் பணம் கேட்க முடியாது. 2021 மே மாதம் ராஜஸ்தான் தனியார் பள்ளிகள் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதே யோசனையில்தான், மாணவர்கள் பயன்படுத்தாத வசதிகளுக்காக 2020-21 கல்வியாண்டுக் கட்டணத்தில் 15 சதவீதத்தைக் குறைக்கச் சொன்னது. அது பள்ளிகளுக்கான தீர்ப்பு, உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் நியாயம் அந்தப் பக்கம் இருக்கிறது.

சம்பளம் ஒரு லட்சத்தை 24 பேருக்குப் பிரித்தால் ஒரு குழந்தைக்குக் கிட்டத்தட்ட 4,200 ரூபாய். அதை மட்டும் கேளுங்கள். வாடகையைப் பெற்றோர் தலையில் வைக்காதீர்கள். அது உங்களுக்கும் ஓனருக்கும் நடுவே உள்ள விஷயம். முழு 9,000 கட்டிய ஏழு பேருக்கும் மிச்சம் 4,800-ஐத் திறக்கும் மாதத்தில் கழித்துக்கொள்வதாக இன்றே எழுதிவிடுங்கள். இதை முதலில் செய்தால்தான் மற்றது எடுபடும்.

குழுவில் இப்படிப் போடலாம்: "முழுக் கட்டணம் கேட்டதற்கு மன்னிக்கவும். திறக்கும்வரை மாதம் 4,200 மட்டும் போதும். இது முழுவதும் உங்கள் குழந்தையைப் பார்த்துக்கொண்ட ஆறு பேரின் சம்பளம். எனக்கு இதில் பங்கில்லை. யாருக்கு எவ்வளவு கொடுத்தேன் என்பதை மாதக் கடைசியில் இங்கேயே போடுகிறேன். முடியாதவர்கள் எனக்குத் தனியாக ஒரு வரி அனுப்பினால் போதும். உங்கள் குழந்தையின் இடம் அப்படியே இருக்கும்." கடைசி இரண்டு வரிகள் முக்கியம். வேலை போனவர்கள் கட்ட முடியவில்லை என்பதை நாலு பேருக்கு நடுவே சொல்ல மாட்டார்கள்.

எல்லோரும் கட்ட மாட்டார்கள். 17 பேர் கட்டினால் 71,400 வரும். 28,600 துண்டு விழும். நானாக இருந்தால் ஆயாக்களுக்கும் சமையல் அம்மாவுக்கும் முழுதாகக் கொடுத்துவிடுவேன். 15,000-இல் கை வைத்தால் அங்கே அரிசி குறையும். துண்டில் பாதியை நீங்கள் போடுங்கள். மீதிப் பாதியை இரண்டு மிஸ்ஸிடமும் கடனாகச் சொல்லி, தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டீர்கள். ஊரடங்கில் முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று மத்திய உள்துறை 2020 மார்ச் 29-இல் உத்தரவிட்டது. மே மாதமே அது விலக்கிக்கொள்ளப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, முதலாளியும் தொழிலாளியும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று ஜூனில் நீதிமன்றம் சொன்னது. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு பொதுவாகப் பத்துப் பேர், பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதி இருபது பேர் வேலை செய்தால்தான் வரும். உங்களிடம் ஆறு பேர். அந்த ஆறு பேருக்கு நெருக்கடியில் ஒதுங்க உங்களைத் தவிர வேறு கூரை இல்லை. பெற்றோர் பக்கம் பார்த்தால், நீங்கள் கொடுத்த அட்மிஷன் ஃபாரத்தில் "நீண்ட நாள் மூடினால்" என்று ஒரு வரி இல்லாதவரை, அந்த அப்பா வக்கீல் வைத்தால் அவர் கைதான் ஓங்கும். அடுத்த வருட ஃபாரத்தில் அந்த வரியைச் சேருங்கள்: இத்தனை நாளுக்கு மேல் மூடினால் சம்பளப் பங்கு மட்டும் என்று.

ஓனர் விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளத்தால் கட்டடம் நிரந்தரமாகவே உதவாமல் போனால்தான் 1882-ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டப்படி குத்தகையை விட்டு வெளியேறலாம். ஈரம் காயக் காத்திருக்கும் வீட்டுக்கு அது பொருந்தாது. ஊரடங்கின்போது டெல்லி கான் மார்க்கெட் கடைக்காரர் ஒருவர் வாடகையை நிறுத்திவைக்கக் கேட்டார். உயர் நீதிமன்றம் நிறுத்த முடியாது என்றது, கட்டுவதற்குக் கொஞ்சம் தவணை மட்டும் கொடுத்தது. ஆகவே சட்டம் பேசாமல் கணக்கு பேசுங்கள். பெங்களூரு வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ், ஐந்தரை லட்சம், ஏழு வருடமாக வட்டியில்லாமல் அவர் கையில் இருக்கிறது. பாதி வாடகைதான் தர முடியும் என்று சொல்லுங்கள், மீதியை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளட்டும். வயரிங் அவருடைய சுவருக்குள் போகிறது. அந்தச் செலவை நீங்கள் ஏற்கக் கூடாது. கன்னடம் சரளமாகப் பேசும் ஒருவரை உடன் அழைத்துப் போவது நல்லது. தமிழில் கெஞ்சியும் இங்கிலீஷில் சண்டை போட்டும் நம் ஆட்கள் அல்சூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வரை காரியம் கெடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. மூன்று நான்கு குழந்தைகளை ஒரு பெற்றோர் வீட்டில் சேர்த்து, ஒரு ஆயாவை அங்கே பகல் முழுக்க வைக்கலாம். அபார்ட்மென்டுகளில் இதற்கு ஆள் கிடைக்கும். கட்டணத்தை அப்போது நியாயமாக உயர்த்தலாம். ஆனால் அந்த வீட்டுப் பாத்திரம் துலக்க ஆயாவை விடக் கூடாது, முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

போய்விட்ட ஆயாவைத் தப்பாக நினைக்காதீர்கள். பாதிச் சம்பளத்தில் அவர் வேறு என்ன செய்வார்? நிலுவையைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போங்கள். ஜிபே வேண்டாம். புது வேலை காலையா மாலையா என்று கேளுங்கள். உங்கள் டே கேர் திறக்கும் நாளில், இரண்டரை மாதம் ஆளையே பார்க்காத ஒன்றரை வயதுக் குழந்தைகள் வாசலிலேயே அழுவார்கள். இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே போக, அவற்றுக்குத் தெரிந்த முகம் ஒன்று வேண்டும். காலை எட்டிலிருந்து பதினொன்று வரை மட்டும் வந்தால்கூடப் போதும் என்று சொல்லிப் பாருங்கள்.