மீண்டும் லெஸ்டருக்கு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுவே முதல் முறை. 1970களில் செவிலியராக இங்கிலாந்துக்குச் சென்று, லெஸ்டரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசு மருத்துவமனையில் பணியாற்றினேன். என் கணவர் அதே ஊரில் ஒரு பின்னலாடை ஆலையில் வேலை பார்த்தார். நான் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றேன். அவர் பூர்வீக நிலத்தை நினைத்து இந்தியப் பாஸ்போர்ட்டையே வைத்துக்கொண்டார். 2011-ல் இருவரும் கோவைக்குத் திரும்பினோம். அடுத்த ஆண்டு எனக்கு அரசு ஓய்வூதியம் தொடங்கியது. அன்று வந்த அதே தொகைதான் இன்றும் வருகிறது.

இப்போது எனக்கு வயது 74. அவருக்கு 78. அவருக்குப் பார்க்கின்சன் நோய் தொடங்கியிருக்கிறது, கை நடுக்கத்தோடு இருக்கிறது. லெஸ்டருக்கு வெளியே ஒரு கிராமத்தில் வசிக்கும் எங்கள் ஒரே மகள் எங்களை அங்கே வரச் சொல்கிறாள். அவரோ, இன்னும் கொஞ்ச காலம் பார்க்கலாம், முடியாமல் போனால் போகலாம் என்கிறார். இத்தனை ஆண்டுகள் கழித்து அங்கே எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? 2011-ல் திரும்பி வந்ததே தவறோ என்றும் தோன்றுகிறது.

பெயர் வேண்டாம்,
கோயம்புத்தூர்.

அன்புள்ள அம்மா,

உங்களுடைய உரிமையும் உங்கள் கணவருடைய உரிமையும் வேறு வேறு. அதனால் தனித்தனியாகச் சொல்கிறேன். முதலில் உங்களுடையது.

நீங்கள் பிரிட்டிஷ் குடிமகள். எத்தனை ஆண்டுகள் வெளியே இருந்திருந்தாலும் அந்த நாட்டுக்குள் நுழையவும் வாழவும் உங்களை யாரும் தடுக்க முடியாது. ஆனால் உள்ளே வந்தபின் என்ன கிடைக்கும் என்பதைப் பெரும்பாலும் பாஸ்போர்ட் தீர்மானிப்பதில்லை, செய்த வேலையும் கட்டிய வரியும்கூடத் தீர்மானிப்பதில்லை. நீங்கள் இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதுதான் பல இடங்களில் கேட்கப்படும் கேள்வி. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், அங்கிருக்கும் விதிகளில் தாராளமானவை எவை, கடுமையானவை எவை என்பது தெளிவாகும்.

மருத்துவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மகளைப் பார்க்க ஒரு மாதம் வந்த இடத்தில் உங்களுக்கு இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், நீங்கள் முப்பது ஆண்டுகள் உழைத்த அரசு மருத்துவச் சேவையான அந்த என்.எச்.எஸ். உங்களிடம் கட்டணம் கேட்கும். 2015 முதல் அந்தக் கட்டணம் உண்மைச் செலவில் 150 சதவீதம். அதே நீங்கள் நிரந்தரமாகக் குடியேறும் எண்ணத்தோடு வந்து இறங்கினால், இறங்கிய நாளிலிருந்தே சிகிச்சை இலவசம், காத்திருப்புக் காலம் எதுவும் இல்லை. அந்த எண்ணத்தைக் காட்டுவதற்கு இங்கே வீட்டைக் காலி செய்ததற்கான தாள், கப்பலில் அனுப்பிய பொருட்களின் ரசீது, ஒருவழிப் பயணச்சீட்டு, மகளின் முகவரிக்கு வந்த கடிதங்கள் ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருங்கள். குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்ய முகவரிச் சான்று கட்டாயம் இல்லை. வரவேற்பறையில் இருப்பவர் கேட்டாலும் பணிவாக அதைச் சொல்லலாம். இங்கிலாந்தில் 60 வயதைக் கடந்தவர்களுக்கு மருந்துச் சீட்டுக்கும் கட்டணம் இல்லை.

ஓய்வூதியத்தில் இதே வழக்கம் அநீதியாகிவிடுகிறது. 2012-13-ல் முழு அடிப்படை ஓய்வூதியம் வாரத்துக்கு 107.45 பவுண்டு. 2025-26-ல் அது 176.45 பவுண்டு. லெஸ்டரிலேயே தங்கிவிட்ட உங்கள் சக செவிலியர் ஒருவர் இரண்டாவது தொகையைப் பெறும்போது, அவரைப் போலவே ஓய்வூதியத்துக்கான நேஷனல் இன்சூரன்ஸ் சந்தாவைக் கட்டிய நீங்கள் கோவையில் முதல் தொகையைப் பெறுகிறீர்கள். வாரத்துக்கு 69 பவுண்டு வித்தியாசம். அமெரிக்காவிலோ ஸ்பெயினிலோ பிலிப்பைன்ஸிலோ நீங்கள் குடியேறியிருந்தால் ஆண்டுதோறும் உயர்த்தியிருப்பார்கள். இந்தியா, இலங்கை, கனடா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் இருப்பவர்களுக்கு உயர்த்துவதில்லை. தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த ஆனெட் கார்சன் என்பவரும் வேறு பன்னிரண்டு பேரும் இதை எதிர்த்து ஸ்ட்ராஸ்பர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 2010-ல் பதினொரு நீதிபதிகள் அரசின் பக்கமும் ஆறு பேர் அவர்கள் பக்கமும் நின்றதால் தோற்றார்கள். அந்த ஆறு பேர் சொன்னதே சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன். உழைத்துச் சேர்த்த ஒரு உரிமையை, முதுமையில் எந்த நாட்டில் சமைத்துச் சாப்பிடுகிறீர்கள் என்று பார்த்துக் குறைப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

நீங்கள் நிரந்தரமாகத் திரும்பினால் அன்றைய முழு விகிதத்துக்கு உயர்த்துவார்கள், ஆனால் கடந்த ஆண்டுகளின் பாக்கி கிடைக்காது. மகளைப் பார்க்க வந்து தங்கும் வாரங்களுக்குக்கூட உயர்ந்த தொகையைக் கேட்டுப் பெறலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் மருத்துவமனைப் பணிக்கான ஓய்வூதியம் வேறு கணக்கு. அது நீங்கள் எங்கிருந்தாலும் விலைவாசியோடு உயர்ந்துகொண்டே வந்திருக்கும்.

வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவிகளான பென்ஷன் கிரெடிட், வீட்டு வாடகை உதவி போன்றவற்றுக்கு, திரும்பி வரும் பிரிட்டிஷ் குடிமக்களும் அங்கேதான் நிலையாக வாழ்கிறார்கள் என்று நிரூபிக்க வேண்டும். 1994 ஆகஸ்டில் வந்த விதி இது. குடியேறும் எண்ணம் மட்டும் போதாது, குறிப்பிடத்தக்க காலம் வாழ்ந்தும் காட்ட வேண்டும் என்று 1999-ல் நெஸ்ஸா என்ற வங்கதேசப் பெண்மணியின் வழக்கில், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. நடைமுறையில் அது பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம். உங்களுக்கு இரண்டு ஓய்வூதியங்கள் இருப்பதாலும் மகள் வீட்டில் தங்கப் போவதாலும் இது பெரிய தடையாக இராது.

உங்களைத் தடுக்கக்கூடிய விதி வேறு. முதியவர்களுக்கு உடல் பராமரிப்பு தேவைப்படும்போது, வருமானத்தைப் பாராமல் கொடுக்கும் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்ற உதவித்தொகை இருக்கிறது. 2025-26-ல் வாரத்துக்கு 73.90 பவுண்டு அல்லது 110.40 பவுண்டு. இங்கிலாந்தில் இதைப் பெற, கடந்த 156 வாரங்களில் 104 வாரங்கள் நீங்கள் நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். உயிர் பிழைக்க வாய்ப்பில்லாத நோயாளிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதாவது, நடக்க முடியாத நிலையில் வந்து இறங்குபவர், மிகவும் தேவைப்படும் முதல் இரண்டு ஆண்டுகளை இந்த உதவி இல்லாமல் கடக்க வேண்டும். நல்ல உடல்நிலையில் வந்தவருக்கோ, உதவி தேவைப்படும் நேரத்தில் அந்த வாரங்கள் கணக்கில் சேர்ந்திருக்கும். முடியாமல் போனால் போகலாம் என்று உங்கள் கணவர் சொல்வது இயல்பான எண்ணம்தான், ஆனால் அந்த விதி அந்த எண்ணத்துக்கு நேர் எதிராக எழுதப்பட்டிருக்கிறது.

இனி அவரைப் பற்றி. உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தபின் நான் கவலைப்பட்டது அவருக்காகத்தான். லெஸ்டரில் அவருக்கு நிரந்தரக் குடியிருப்பு உரிமை இருந்திருக்கும். தொடர்ந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வெளியே இருந்தால் அது தானாகவே இல்லாமல் போகும். திரும்பி வரும் குடியிருப்பாளர் என்று ஒரு விசா இருக்கிறது, வலுவான தொடர்புகளைக் காட்டி அதைக் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் பதினான்கு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். அவருக்கு முன் இருக்கும் முக்கியமான வழி, உங்கள் வாழ்க்கைத் துணை என்ற முறையில் விசா பெறுவது.

அதற்கு 2024 ஏப்ரல் 11 முதல் ஆண்டு வருமானம் 29,000 பவுண்டு காட்ட வேண்டும். உங்கள் இருவருடைய ஓய்வூதியங்களும் அதில் சேரும். குறைவதைச் சேமிப்பால் ஈடு செய்யலாம்: பற்றாக்குறையை இரண்டரையால் பெருக்கி 16,000-ஐக் கூட்ட வேண்டும். ஆண்டுக்கு 12,000 பவுண்டு குறைகிறது என்றால் 46,000 பவுண்டு சேமிப்பு, அதுவும் ஆறு மாதம் உங்கள் கையில் இருந்ததாக, தேவைப்பட்டால் உடனே எடுக்கக் கூடியதாக இருக்க வேண்டும். கோவையில் வங்கி வைப்புத்தொகையாக இருந்தாலும் ஏற்பார்கள். வருமானம் எதுவும் இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுபவருக்கு அந்தக் கணக்கு 88,500 பவுண்டுக்கு வரும். 65 வயதைக் கடந்தவர் என்பதால் ஆங்கிலத் தேர்வு வேண்டாம். விசாக் கட்டணத்தோடு, மருத்துவச் சேவைக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு முன்கூட்டியே கட்ட வேண்டும். அதன்பின் என்.எச்.எஸ். உங்களைப் போலவே அவருக்கும் கிடைக்கும். ஆனால் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் போன்ற அரசு உதவிகளை நிரந்தர உரிமை பெறும் வரை, அதாவது வழக்கமாக ஐந்து ஆண்டுகள், அவர் கேட்க முடியாது. அவருக்கான பராமரிப்புச் செலவு அதுவரை உங்கள் கையிலிருந்தும் மகளின் கையிலிருந்தும்தான் போகும். அதைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

சொல்வதற்கு மனம் வரவில்லை, ஆனால் சொல்லாமல் விட்டால் உங்களுக்கு உதவியவனாக மாட்டேன். இந்த வழி நீங்கள் உயிரோடு இருக்கும் வரைதான் அவருக்குத் திறந்திருக்கும். கோவையில் உங்களுக்கு ஏதேனும் நேர்ந்து அவர் தனித்துவிட்டால், மகள் பிரிட்டிஷ் குடிமகள் என்பது அவருக்கு அநேகமாக உதவாது. பெற்றோரை அழைத்துக்கொள்ளும் விதியை 2012 ஜூலையில் அவ்வளவு கடுமையாக்கிவிட்டார்கள். அன்றாட வேலைகளுக்கே பிறர் உதவி தேவைப்படும் நிலையில் இருக்க வேண்டும், அந்த உதவி மகள் பணம் அனுப்பினாலும் இந்தியாவில் கிடைக்காது என்றும் நிரூபிக்க வேண்டும். கோவையில் வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைப்பார் என்ற ஒரே பதிலில் விண்ணப்பத்தை நிராகரித்துவிடலாம். மாறாக, அவர் உங்கள் துணையாக அங்கே வந்து சேர்ந்தபின் உங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால், ஐந்து ஆண்டுகள் முடியாவிட்டாலும் அவர் உடனே நிரந்தர உரிமைக்கு விண்ணப்பிக்கலாம்.

ஆகவே, போவதாக இருந்தால் இப்போதே போங்கள் என்பதுதான் என் பதில். கோவையிலேயே கடைசிவரை இருப்பது என்று இருவரும் மனமொத்துத் தீர்மானித்தால் அதுவும் முழுமையான முடிவுதான். நல்ல பராமரிப்பாளரை இப்போதே தேடி, மகளோடும் பேசி, அதன்படி ஏற்பாடு செய்யலாம். நான் அஞ்சுவது இரண்டும் இல்லாமல் ‘பார்க்கலாம்’ என்று நாளைத் தள்ளுவதற்கு. லெஸ்டர் பிடிக்காமல் போனால் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்தியருக்கான உங்கள் ஓ.சி.ஐ. அட்டையோடும் அவருடைய இந்தியப் பாஸ்போர்ட்டோடும் எந்த நாளிலும் கோவைக்குத் திரும்பலாம். தாமதித்ததைத் திருத்துவதற்கு அப்படி ஒரு வழி இல்லை.

2011-ல் திரும்பியது தவறா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை என்பேன். உடலில் வலு இருந்த பதினான்கு ஆண்டுகளை உறவுகளுக்கு நடுவே, உங்கள் மொழியில், விரும்பிய விதத்தில் வாழ்ந்திருக்கிறீர்கள். ஸ்பெயினின் கடற்கரைகளில் பல ஆண்டுகள் வாழ்ந்த ஆங்கிலேய முதியவர்களும், துணையை இழந்தபின்னோ நோய் வந்தபின்னோ, பிள்ளைகள் இருக்கும் இடம் தேடித் திரும்புகிறார்கள். ஒரு வயதில் சரியாக இருந்த ஊர் இன்னொரு வயதில் போதாமல் போவதற்கு முந்தைய முடிவைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் நீங்கள் விட்டுவந்த லெஸ்டர் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்கள் வார்டில் உடன் பணியாற்றியவர்கள் ஓய்வு பெற்றுப் பல திசைகளில் போயிருப்பார்கள். தெருமுனை வங்கிக் கிளைகள் பல மூடப்பட்டுவிட்டன. மருத்துவரைப் பார்க்கப் பல இடங்களில் காலை எட்டு மணிக்குத் தொலைபேசியில் வரிசை நிற்க வேண்டும், அல்லது கைபேசிச் செயலியில் எழுத வேண்டும். பீரோவில் பழைய இருபது பவுண்டு தாள்கள் இருந்தால் அவை கடைகளில் செல்லாது. 2022 செப்டம்பர் 30-க்குப் பிறகு இங்கிலாந்து வங்கியின் காகிதத் தாள் எதுவும் புழக்கத்தில் இல்லை, அந்த வங்கியிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

மகள் இருக்கும் கிராமம் என்பதும் யோசிக்க வேண்டியது. அவள் வேலைக்குப் போனபின், குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும் நாட்களில், பேச ஆளில்லாத வீட்டில் நீங்கள் இருவரும் என்ன செய்வீர்கள்? இந்தியாவில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆங்கிலேய அதிகாரிகள் 19-ஆம் நூற்றாண்டில் நாடு திரும்பியபோது, பலர் பிறந்த ஊருக்குப் போகாமல் செல்ட்டன்ஹாம், பெட்ஃபோர்ட் போன்ற ஊர்களில் கூட்டமாகக் குடியேறினார்கள். தங்கள் வாழ்க்கை எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியிராத மனிதர்கள் பக்கத்தில் வேண்டும் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். உங்களுக்கும் அப்படி மனிதர்கள் வேண்டும். மகளிடம் சொல்லி, லெஸ்டர் நகருக்குள், கோயிலுக்கும் கடைக்கும் நூலகத்துக்கும் பேருந்தில் போகும் தூரத்தில் ஒரு சிறிய வீட்டைப் பாருங்கள். ஓய்வூதிய வயதைக் கடந்த உங்களுக்கு வார நாட்களில் காலை ஒன்பதரைக்கு மேல் பேருந்து இலவசம்.

வரியைப் பற்றி ஒரு வார்த்தை. பத்து ஆண்டுகளுக்கு மேல் வெளியே இருந்துவிட்டுத் திரும்புபவர்கள், 2025 ஏப்ரல் 6 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, முதல் நான்கு ஆண்டுகள் வெளிநாட்டு வருமானத்துக்கு அங்கே வரிவிலக்குக் கேட்கலாம். அப்படிக் கேட்கும் ஆண்டில் 12,570 பவுண்டு வரையிலான வழக்கமான வரிவிலக்கை இழப்பீர்கள். உங்கள் வைப்புத்தொகை வட்டியின் அளவைப் பொறுத்துத்தான் எது லாபம் என்று சொல்ல முடியும். கணக்காளரிடம் கேளுங்கள்.

முதல் வேலையாக உங்கள் இரண்டு ஓய்வூதியங்களுக்கும் அவருடையதற்கும் கடிதம் வாங்கி, வருமானத்தைக் கூட்டிப் பாருங்கள். அந்தக் கணக்கோடு, அங்கே அரசு அங்கீகாரம் பெற்ற குடியேற்ற ஆலோசகர் ஒருவரை மகள் அணுகட்டும். மற்ற உதவிகளைப் பற்றி சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஏஜ் யு.கே. ஆகிய அமைப்புகள் இலவசமாகவே வழிகாட்டும். வைப்புத்தொகையே போதுமானால், அவருடைய விசா கைக்கு வரும்வரை கோவை வீட்டை விற்க வேண்டாம். இருவரும் ஒரே விமானத்தில் போகலாம், நீங்கள் முன்னால் போய்க் காத்திருக்க வேண்டியதில்லை. ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ போய் இறங்குவது நல்லது. அவர் அந்த ஊரில் மீண்டும் நடந்து பழகுவதற்குக் குளிருக்கு முன் ஐந்தாறு மாதங்கள் கிடைக்கும்.

அன்புடன்