பாட்டி நோட்டுல இருக்கிற வீசை வேற, பஜார் வீசை வேற

கேள்வி: அக்கா, எங்க பாட்டி சிவகங்கைப் பக்கத்துல இருந்து ரங்கூன் வரும்போது கொண்டுவந்த சமையல் நோட்டு எங்கிட்ட இருக்கு, அதுல மாங்கா ஊறுகாய்க்கு மாங்காய் 1 வீசை, உப்பு அரைக்கால் படின்னு எழுதியிருக்கு. நானும் பஜார்ல ஒரு வீசை மாங்கா வாங்கி, பால் டின்ல அரை டின் உப்பு போட்டேன். பத்தே நாள்ல மேல பூஞ்சை பூத்துடுச்சு. பாட்டி சொன்னபடிதானே செஞ்சேன், எங்க தப்பு? (ரங்கூன் தாம்வேயிலிருந்து ஒரு வாசகி)

பதில்: தப்பு உங்க கைல இல்லம்மா, அளவுல இருக்கு. பாட்டியோட வீசை 40 பலம், அதாவது கிட்டத்தட்ட 1.4 கிலோ. இங்க பஜார்ல நிறுத்துக் கொடுக்கிறது பர்மா வீசை, 100 கியாத்தா (இங்கத்த சின்ன எடை), 1.63 கிலோ. பேர் ஒண்ணு, எடை வேற, அதனால உங்க ஜாடிக்குள்ள பாட்டி நெனச்சதை விட கால் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மியா மாங்கா கூடுதலா போயிருக்கு. அடுத்தது உப்பு. அரைக்கால்னா கால்ல பாதி, எட்டுல ஒரு பங்கு. அரைக்கால் படிங்கிறது படியில எட்டுல ஒரு பங்கு, அரை டின் இல்ல. ஒரு பியிக்கு (பர்மாவுல அரிசி அளக்கிற அளவு) 8 டின்னு அரிசி அளந்து பழகின நமக்கு அரைன்னு பார்த்தவுடனே டின்தான் ஞாபகம் வரும், அது இயற்கைதான். ஆனா மாங்கா கூடிப்போய் உப்பு குறைஞ்சுபோச்சு, பூஞ்சைக்கு அது போதும். படியும் தமிழ்நாட்டுல ஊருக்கு ஊர் வேறயா இருந்துச்சு, அதனால இனிமே உப்பையும் தராசுலயே நிறுத்துடுங்க, மாங்கா எடையில ஆறுல ஒரு பங்குக்குக் குறையாம. பூத்த ஜாடியை மேலாக்க வழிச்சுட்டு சாப்பிடாதீங்க, மனசு வலிச்சாலும் கொட்டிடுங்க. அப்புறம் அந்த நோட்டோட ஓரத்துல உங்க கையால கிராம் கணக்கை எழுதி வைங்க, உங்க பொண்ணுக்கு பலம், படி எதுவும் தெரியாது.

கேள்வி: சென்னை வீடியோ எதைப் பார்த்தாலும் வெங்காயத்தை 5 நிமிஷம் பொன்னிறமா வதக்கச் சொல்றாங்க. கரண்ட் இல்லாததால நான் கரி அடுப்புல செய்றேன், எனக்கு இருபது நிமிஷம் ஆகுது. மெதுவா செய்றேனோ? (இன்செயினிலிருந்து ஒரு தம்பி)

பதில்: தம்பி, நீங்க சரியாத்தான் செய்றீங்க, 5 நிமிஷத்துல வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆகும், அவ்வளவுதான், நல்லா பொன்னிறமாக கேஸ் அடுப்புலயும் கால் மணி நேரத்துக்கு மேல ஆகும். வீடியோவுல நடுவுல வெட்டிட்டு பேச்சுல மட்டும் 5 நிமிஷம்னு சொல்றது எனக்கு உண்மையிலேயே கோவம் வர்ற விஷயம், அதை நம்பித்தான் புதுசா சமைக்கிற பிள்ளைங்க பாதி வெந்த வெங்காயத்துல மசாலாவைக் கொட்டி பச்சை வாசனையோட குழம்பு வைக்குதுங்க. பக்கத்து வீட்டு பர்மாக்காரம்மா கடிகாரத்தையா பார்க்கறாங்க? ஸீப்யான்னு ஒரே வார்த்தை, தண்ணி சுண்டி எண்ணெய் திரும்பி மேல வந்தா கறி ரெடி. நம்ம வீட்டுலயும் எண்ணெய் பிரியட்டும்னுதான் சொல்லுவோம். கரியில சூடு ஏறி இறங்கும், நிமிஷத்தை விட்டுடுங்க, எண்ணெயைப் பாருங்க.

கேள்வி: சென்னை ரெசிபி பார்த்து அத்தோ (பர்மா நூடுல்ஸ் சாலட்) செஞ்சேன், கடலை மாவு போடச் சொன்னாங்க, போட்டேன், வாயில வைக்க முடியல! (பெகுவிலிருந்து ஒருத்தர்)

பதில்: வறுத்த மாவா போட்டீங்க? சாலட்டுல போடறது வாசனை வர்ற அளவுக்கு வறுத்த கடலை மாவு, பச்சை மாவு போட்டா கசக்கும், நாக்குல ஒட்டும். எழுதினவங்க அந்த ஒரு வார்த்தையை விட்டிருப்பாங்க. அத்தோ இங்க பர்மாவுல இருந்து போன நம்ம ஆளுங்க சென்னைக்குக் கொண்டுபோன சாப்பாடுதான், அதோ(க்)னு இங்க சொல்றது அங்க அத்தோ ஆயிடுச்சு. கைல பிசைஞ்சு செய்றது, அதுக்கு ரெசிபியை விட தெருமுனைக் கடைக்காரம்மா பக்கத்துல நின்னு பார்க்கிறதே மேல்.

கேள்வி: 8 மணி நேரத்துல இட்லி மாவு பொங்கும்னு போட்டிருக்கு, டிசம்பர்ல எனக்குப் பொங்கவே இல்ல. உளுந்து சரியில்லையா? (யாங்கூனிலிருந்து ஒரு அம்மா)

பதில்: உளுந்தைச் சொல்லாதீங்கம்மா! நம்ம மாட்பே (பர்மா உளுந்து) கப்பல் கப்பலா இந்தியாவுக்குப் போகுது, அந்த ரெசிபி எழுதினவங்க வீட்டு இட்லியிலயே நம்ம ஊர் உளுந்து இருந்தாலும் இருக்கும். குளிர்தான் காரணம். ராத்திரி குளிர்ந்தா 12, 14 மணி நேரம் கூட ஆகும். உப்பு போட்டு கையால நல்லா கலக்குங்க, பாத்திரத்தை பழைய போர்வையில சுத்தி அணைச்ச அடுப்புப் பக்கத்துல வைங்க, காலைல மாவு ரெண்டு மடங்கா ஏறலேன்னா அன்னிக்கு தோசை ஊத்திட்டு மிச்சத்தை சாயங்காலம் வரை விடுங்க.