பழைய புகைப்படத்தைப் பார்த்து ஓவியம் வரைந்தால் அது காப்பியா?

வேலூரில் பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஸ்டுடியோ படங்களையும் காலண்டர் தாள்களையும் வைத்து வரையலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வரையலாம். பெரிய ஓவியர்கள் பலர் அப்படித்தான் வேலை செய்தார்கள்.

ஜெர்மனியின் கெர்ஹார்ட் ரிக்டர் 1960களில் பத்திரிகைப் படங்களையும் குடும்ப ஆல்பப் படங்களையும் பார்த்து அப்படியே வரைந்து, பெயின்ட் காய்வதற்குள் பிரஷால் இழுத்து மங்கலாக்கினார். முகம் தெரியும், ஆனால் பிடிபடாது. அந்த மங்கலில்தான் அவருடைய ஓவியம் இருக்கிறது. பிரிட்டிஷ் ஓவியர் பிரான்சிஸ் பேகன், மைப்ரிட்ஜ் என்ற பழைய காலப் புகைப்படக்காரர் எடுத்த மல்யுத்த வீரர்களின் படங்களைக் கிழிந்து, மடிந்து, கறை படிந்த நிலையிலேயே வைத்துக்கொண்டு வரைந்தார்.

உங்கள் படத்திலும் அதைத் தேடுங்கள். ஸ்டுடியோவின் தீட்டிய திரைச்சீலை, கையால் வண்ணம் ஏற்றிய கன்னம், பூச்சி அரித்த ஓரம், காலண்டர் அச்சில் சற்று விலகி நிற்கும் சிவப்பு... இதெல்லாம் நேரில் உட்கார்ந்திருப்பவரிடம் கிடைக்காது. பெரிதாக்க, பேனர் ஓவியர்கள் செய்தது போலப் படத்திலும் கேன்வாஸிலும் கட்டம் போட்டால் போதும். புரொஜெக்டரில் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் கை யோசிக்காமல் கோட்டின் பின்னால் போய்விடும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

அப்புறம் உரிமை. இந்தியச் சட்டத்தில் புகைப்படத்துக்குப் பதிப்புரிமை, 2012 திருத்தத்துக்கு முன் வெளியானதிலிருந்து 60 ஆண்டாக இருந்தது; இப்போது எடுத்தவரின் வாழ்நாளும் அவர் இறந்த பின் 60 ஆண்டும். பத்திரிகைப் படம் ஒன்றைப் பார்த்து அரசியல்வாதியை வரைந்த பெல்ஜிய ஓவியர் லுக் டொய்மான்ஸுக்கு எதிராக 2015இல் அந்நாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடும்பப் படமென்றால், அதிலிருப்பவரின் பேரன் காட்பாடியிலோ குடியாத்தத்திலோ இருக்கலாம். பின்புறம் ஸ்டுடியோ முத்திரை இருந்தால் அங்கே விசாரித்துவிட்டுக் கண்காட்சியில் வையுங்கள்.