ஒன்றரை மாத இருமல்: பஞ்சுத் தூசிதானா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 44 வயது. பல்லடம் பக்கம் தறி ஓட்டுகிறார். ஒன்றரை மாதமாக இருமல். மருந்துக்கடையில் மூன்று தடவை மாத்திரை வாங்கியாயிற்று. நாலு நாள் தேவலை, மறுபடி அதேதான். சாயங்காலமானால் உடம்பு காய்கிறது. 62 கிலோ இருந்தவர் 55-க்கு வந்துவிட்டார். கேட்டால் பஞ்சுத் தூசி என்கிறார். மாமியாரோ, "டி.பி.ன்னா பெருந்துறை சானடோரியத்துல போட்டுருவாங்க, வெளிய சொல்லாத" என்கிறார். நாலு வயதுப் பையன் இருக்கிறான். ரத்தம் கொடுத்துப் பார்த்தால் தெரியுமா?

பதில்: தெரியாது, அம்மணி. டி.பி.யைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லி விற்ற ரத்தப் பரிசோதனைகளை 2012-லேயே அரசு தடை செய்துவிட்டது. பார்க்க வேண்டியது சளி, கூடவே நெஞ்சு எக்ஸ்ரே.

தூசி இருமலுக்கு ஓர் அடையாளம் உண்டு. லீவு முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் நெஞ்சு இறுகும். வேலையில்லாத நாளில் தணியும். சாயங்காலக் காய்ச்சலும் 7 கிலோ இறக்கமும் தூசியால் வராது. இரண்டு வாரம் தாண்டிய எந்த இருமலுக்கும் சளி பார்த்தாக வேண்டும்.

மருந்துக்கடை மாத்திரைதான் எனக்குப் பெரிய கவலை. லெவோஃப்ளாக்சசின் போன்றவை டி.பி. கிருமியையும் கொஞ்சம் அடக்கும். காய்ச்சல் விடும், சளியில் கிருமி சிக்காமல் போகும், நோய் உள்ளே வளரும். ஸ்டீராய்டு ஊசி போட்டால் பசியெடுக்கும், தெம்பு வந்த மாதிரி இருக்கும், ஆனால் எதிர்ப்புச் சக்தி இறங்கிவிடும். நாலு நாள் தேவலையானது ஏன் என்று இப்போது புரியும். இனி கடையில் எதுவும் வாங்க வேண்டாம். இதுவரை வாங்கிய மாத்திரை அட்டைகளை டாக்டரிடம் காட்டுங்கள்.

பல்லடம் அரசு ஆஸ்பத்திரியிலோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சளி டப்பா கொடுப்பார்கள், காசு கிடையாது. ஒரு சளி அங்கேயே, இன்னொன்று மறுநாள் விடிகாலை. எழுந்ததும் எதுவும் சாப்பிடாமல் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்கட்டும். வீட்டுக்குள்ளே வேண்டாம், வாசலில் காற்றோட்டமாக நின்று, இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்து, அடிநெஞ்சிலிருந்து இருமித் துப்பச் சொல்லுங்கள். கெட்டியாக ஒரு டீஸ்பூன் அளவு போதும். நுரையோடு தண்ணியாக இருந்தால் அது எச்சில். அதைக் கொடுத்துவிட்டு 'நெகட்டிவ்' என்று நிம்மதியாகத் திரும்பி, பிறகு நோய் முற்றி வருபவர்கள் உண்டு. மூடியை இறுக்கி அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். ட்ரூநாட், சிபிநாட் கருவிகள் கிருமி இருக்கிறதா என்பதோடு, முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது கட்டுப்படுமா என்றும் சில மணி நேரத்தில் சொல்லிவிடும்.

டி.பி. என்று வந்து, மருந்துக்குக் கட்டுப்படுகிற கிருமியாகவும் இருந்தால் ஆறு மாதம் தினமும் மாத்திரை. அவர் எடைக்கு ஒரு நாளைக்கு நாலு. சர்க்கரை, எச்.ஐ.வி. இரண்டும் பார்ப்பார்கள், எல்லா நோயாளிக்கும் பார்ப்பதுதான், சங்கடப்பட வேண்டாம். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவது மருந்தின் நிறம், பயமில்லை. கண் மஞ்சளானாலும், ஓயாமல் வாந்தி வந்தாலும், பார்வை மங்கினாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே போக வேண்டும். குடிப்பழக்கம் இருந்தால் ஆறு மாதமும் தொடக் கூடாது, ஈரல் தாங்காது.

பெரும்பாலோர் தவறுவது இரண்டாம் மாதத்தில். இருமல் நின்றிருக்கும், எடை ஏறியிருக்கும், ஓவர்டைம் கூப்பிடும். அப்போது நிறுத்தினால் மிச்சமிருக்கும் கிருமி திரும்ப எழும்பும். மருந்துக்குக் கட்டுப்படாத டி.பி.யாகவும் மாறலாம்.

மாமியாரிடம் சொல்லுங்கள்: பெருந்துறை சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்த காலம் வேறு. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் குணமாகும், வீட்டில் இருப்பவர்களுக்கு அதனால் கூடுதல் ஆபத்தும் இல்லை என்று 1950-களின் கடைசியில் சென்னையில் நடந்த ஆய்வே காட்டிவிட்டது. இது பரம்பரை நோயும் இல்லை. தட்டு, டம்ளரைப் பிரிக்க வேண்டியதில்லை. இருமும்போது காற்றில்தான் பரவுகிறது. ரிசல்ட் வரும்வரையிலும், நோய் என்றால் மருந்து தொடங்கி முதல் இரண்டு வாரமும், அவர் மாஸ்க் போட்டு ஜன்னல் திறந்த அறையில் தனியே படுக்கட்டும். நோய் உறுதியானால் பையனைத் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். ஐந்து வயதுக்குள் நோய் வேகமாக, சில சமயம் மூளைவரை பரவும். அவனுக்கு நோயில்லை என்று உறுதியானதும் தடுப்பு மருந்து தருவார்கள். நீங்களும் மாமியாரும்கூடப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்ததும் நிக்ஷய் எண் ஒன்று தருவார்கள். சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வர அதுதான் ஆதாரம். முட்டை, பயறு, கடலை என்று அதைச் செலவிடுங்கள். வேலை தேடி வேறு ஊருக்குப் போனாலும் அந்த எண்ணைக் காட்டினால் அங்கேயே மாத்திரை தொடரும்.